ஜிம்மியின் வளைந்த காலும் நாய்ச்சோற்றின் கதையும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். சரவணம்பட்டியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஷிட்ஸு குட்டி. "டீச்சர், ஏழு வாரம் ஆச்சுங்க. மாமியார் தயிர்சோறு போடச் சொல்றாங்க, கடைக்காரர் மூட்டைத் தீவனம் வாங்கச் சொல்றாரு, வீட்டுக்காரரு கோழிக்கறி மட்டும் போதும்ங்கிறாரு. நீங்க நாய் வளர்த்தவங்க, என்ன கொடுக்கட்டும்?"

அந்தக் கேள்வியை நம் குடும்பக் குழுவிலும் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. தம்பி உடனே எழுதிவிட்டான்: "ஏனுங்க்கா, நம்ம தோட்டத்து நாய்க்கெல்லாம் கம்பெனித் தீவனமா போட்டோம்? களியத் தின்னுட்டுக் கல்லு மாதிரி இருக்கலையா?" அதற்குக் கீழே இருபது கைதட்டல்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் தோட்டத்துச் சாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் அப்பாரு காலத்தில் பட்டியில் ஆடு, கட்டுத்தறியில் காங்கயம் மாடு, இரண்டுக்கும் காவலாக ஒரு நாய். இனம் கினம் எதுவும் கிடையாது, பட்டி நாய், அவ்வளவுதான். அதற்கென்று தனியாக உலை வைத்த ஞாபகம் எனக்கில்லை. ராத்திரி மிஞ்சின களி, கம்மஞ்சோறு, சோளச்சோறு, அதோடு நீச்சத்தண்ணியோ மோரோ ஊற்றிக் கரைத்து, உடைந்த சட்டியிலோ கல்தொட்டியிலோ ஆத்தா ஊற்றுவார். நோம்பிக்குக் கிடா வெட்டினால் எலும்பும் குடலும் கிடைக்கும். மனிதர்கள் கொடுத்தது இவ்வளவுதான்.

ஆனால் அது தின்றது இவ்வளவுதானா? இல்லை. அறுவடை முடிந்த காட்டில் எலி வளை தோண்டும். பெருச்சாளி பிடிக்கும். கௌதாரி முட்டை, ஓணான், ஆடு ஈன்ற நஞ்சுக்கொடி, செத்துப் பிறந்த குட்டி, எல்லாம் அதன் பங்கு. (மாட்டின் நஞ்சுக்கொடியை மட்டும் நாய்க்கு விடாமல் வைக்கோலில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவோம். பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.) ஒரு முழு எலி என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதில் சதை இருக்கிறது, சுண்ணாம்புச் சத்துக்கு எலும்பு இருக்கிறது, ஏ சத்தும் டி சத்தும் உள்ள ஈரல் இருக்கிறது. களியில் இல்லாததையெல்லாம் நாய் தானே காட்டுக்குள் போய்த் தேடி நிரப்பிக்கொண்டது. நாம் போட்டது வயிற்றுக்கு. உடம்புக்கு வேண்டியதை அதுவே பார்த்துக்கொண்டது.

இன்னொன்றையும் தம்பி மறந்துவிட்டான். பட்டி நாய் ஆறு குட்டி போட்டால் எத்தனை பிழைத்தது? இரண்டு பிழைத்தால் பெரிது. மற்றவை எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. பிழைத்ததை மட்டும் பார்த்துவிட்டு "கல்லு மாதிரி இருந்தது" என்கிறோம்.

நாயை நம் முன்னோர் மதிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. மாடு காக்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயின் உருவத்தையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் வெட்டிய கல். அதில் கோவிவனின் வீரம் இருக்கிறது. அதற்கு யார் என்ன சோறு வைத்தார்கள் என்பது இல்லை. நாய்ச்சோற்றுக்கு வரலாறு எழுதுவது இதனால்தான் சிரமம். மிச்சத்துக்கு யார் கணக்கு வைப்பார்கள்?

நாய்க்கென்று தனியாக ஒரு உணவைப் பெரிய அளவில் செய்து விற்பது 1860-களில்தான் தொடங்கியது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்று ஒரு அமெரிக்கர். இடிதாங்கி விற்கப் பிழைப்புத் தேடி இங்கிலாந்து வந்தவர். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் எறிந்த கெட்டி பிஸ்கட்டைத் தெருநாய்கள் போட்டிபோட்டுத் தின்பதைப் பார்த்திருக்கிறார். கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி சேர்த்து நாய் பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கினார். அவர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த சார்லஸ் கிரஃப்ட் என்ற பையன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியை நடத்தினார். அவர் பெயரிலேயே முதல் கண்காட்சி 1891-ல். பிஸ்கட் விற்றவரும் கண்காட்சி நடத்தினவரும் ஒரே இடத்திலிருந்து வந்தது தற்செயல் இல்லை. வீட்டுக்குள் வளர்க்கும் நாய், இனம் பார்த்து வாங்கும் நாய், காசு கொடுத்து வாங்கும் தீவனம், மூன்றும் ஒன்றாகத்தான் வளர்ந்தன.

பிறகு 1922-ல் அமெரிக்காவில் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து விற்றார்கள். டிராக்டரும் காரும் வந்து வேலையில்லாமல் போன குதிரைகள். இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டின் போய் உலர்தீவனம் முன்னுக்கு வந்தது. மாவை அழுத்தத்திலும் சூட்டிலும் துளைவழியே தள்ளிப் பொரியவைக்கும் முறையில் பியூரினா கம்பெனி 1957-ல் உருண்டைத் தீவனம் கொண்டுவந்தது. நம் கடைகளில் இன்று பார்க்கும் உருண்டைகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

வியாபாரத்தின் கதை இவ்வளவு போதும். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கதை. அது நம் மலை மேலேயே நடந்தது.

குன்னூர் பாஸ்டர் நிலையத்தைச் சிம்ஸ் பூங்கா போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். நீலகிரி 1868 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது என்பதால் எனக்கு அது பாதி நம்மூர்தான். அந்த நிலையம் பிறந்ததே நாயால். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அன்றைக்கு அதற்கு ஊசி போடும் இடம் வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலியில்தான் இருந்தது. தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர, 1907-ல் குன்னூரில் நிலையம் திறந்தது.

அந்த நிலையத்தில் ஒரே ஒரு அறையை வைத்துக்கொண்டு 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். தீட்டின அரிசியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு வரும் நோய் அது. அந்த அறைதான் 1928-ல் சத்துணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மெக்காரிசன் செய்த ஒரு சோதனை மிகவும் பிரசித்தம். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுகிற சாப்பாட்டை அப்படியே எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, காய்கறி, எப்போதாவது இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்குச் சென்னை மாகாணத்துச் சாப்பாடு: தீட்டிக் கழுவின வெள்ளை அரிசிச் சோறு, பருப்பு, காய்கறி, புளி, மிளகாய், கொஞ்சம் மோர், காப்பி. சீக்கியச் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. வரிசையின் கடைசியில் நின்றவை நம் சாப்பாட்டு எலிகள்.

இதைப் படித்தபோது எனக்கு ரோஷம் வந்தது என்பதை மறைக்கவில்லை. நம் கொங்கு நாட்டுக் கம்பும் ராகியும் கொள்ளும் அந்தப் பட்டியலில் இல்லை, மாகாணம் முழுக்க வெள்ளைச்சோறு தின்றதாக ஒரு கணக்கு. ஆனாலும் இன்று நம் வீடுகளில் இருப்பது எது? மெக்காரிசன் எழுதிய அதே சாப்பாடுதான்.

அதே காலத்தில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி என்பவர் எலிகளை வைத்து அல்ல, நாய்க்குட்டிகளை வைத்தே சோதனை செய்தார். குட்டிகளை வீட்டுக்குள் அடைத்து ஓட்ஸ், ரொட்டி போன்ற தானிய உணவைக் கொடுத்து வளர்த்தார். சில மாதங்களில் கால்கள் வளைந்துபோயின. காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்த குட்டிகளுக்கு வளையவில்லை. 1919-ல் வெளியிட்டார். அந்த எண்ணெய்க்குள் இருந்த பொருளுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் வைட்டமின் டி. மனிதக் குழந்தைகளின் ரிக்கெட்ஸ் நோய்க்கு உணவுவழியில் மருந்து கிடைத்தது அந்தக் குட்டிகளால். 1937-ல் அமெரிக்காவில் எல்வேஜெம் என்பவர் நாய்களுக்கு வரும் 'கருநாக்கு' நோயைக் குணப்படுத்தும் பொருளைக் கண்டுபிடித்தார். அது நியாசின். மக்காச்சோளத்தை மட்டும் நம்பியிருந்த ஏழைகளைக் கொன்ற பெலாக்ரா நோய்க்கும் அதுவே மருந்தானது. நம் சத்துணவுப் பாடத்தின் பாதி, நாய்கள் பட்ட பாட்டில் எழுதப்பட்டது.

இதையெல்லாம் நான் அப்போதே முழுசாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை. ஆனால் அஞ்சாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் "வைட்டமின் டி குறைந்தால் ரிக்கெட்ஸ்" என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதினவள் நான். அந்தக் கையால்தான் இது நடந்தது.

1989 புரட்டாசி. அப்போது சூலூர் பக்கம் துவக்கப் பள்ளியில் வேலை. என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போனவர் ஒரு வெள்ளைப் பொமரேனியன் குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். (நாம் பொமரேனியன் என்று வாங்கினது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற இனம். 1994-ல் 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் வந்து நாடு முழுக்கப் பிரபலமான நாய் அதுதான். பிறகு 2003-ல் செல்போன் விளம்பரத்தால் பக் நாய் வந்து 'ஹட்ச் நாய்' என்று பேரெடுத்தது. இப்போது ஷிட்ஸு. சேலைக்கு வருவது போலத்தான் நாய்க்கும் மோஸ்தர்.) ஆறு வாரக் குட்டி. ஜிம்மி என்று பெயர் வைத்தோம்.

புரட்டாசி ஆச்சே, வீட்டில் கவிச்சி கிடையாது. முட்டைகூட வாசல் தாண்டாது. ரேஷன் அரிசிச் சோற்றைக் குழைத்து, தண்ணீர் கலந்த பால் ஊற்றிக் கொடுத்தோம். சாயங்காலம் டீக்கடைப் பொறை. ஐப்பசியில் கறி எடுத்தோம், ஆனால் மசாலா என்று குட்டிக்குப் போடவில்லை, நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு பார்த்தது. கார்த்திகை பிறந்ததும் வீட்டுக்காரர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டார். தை வரைக்கும் மறுபடி சைவம். எங்கள் விரதம் எங்களுக்குச் சரி. அந்தக் குட்டி எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளவில்லை. வளர வேண்டிய அந்த நான்கு மாதமும் அதுவும் எங்களோடு விரதம் இருந்தது.

பட்டி நாய் மாதிரி வெளியே போய் எலி பிடித்திருந்தாலாவது தப்பித்திருக்கும். காசு கொடுத்து வாங்கின நாயை யார் வெளியே விடுவார்கள்? கேட்டைப் பூட்டி வைத்திருந்தோம்.

மார்கழி கடைசியில் ஒரு நாள். ஜிம்மி என் பின்னாடியே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. வகுப்பில் அன்றைக்கு அதே பாடம். புத்தகத்தில் ரிக்கெட்ஸ் வந்த குழந்தையின் படம், வில்லாக வளைந்த இரண்டு கால். "இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "டீச்சர், ஜிம்மி காலும் இப்படித்தானுங்க இருக்குது" என்றான்.

வகுப்பே சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்தது ஜிம்மி. முன்னங்கால் இரண்டும் அடைப்புக்குறி போல வெளிப்பக்கம் வளைந்திருந்தன. தினமும் பார்த்த கால்தான். ரோமம் மறைத்ததா, என் கண் மறைத்ததா தெரியாது. அந்தப் பையன் யார் என்று அந்த பேட்ச்சுக்காரர்களுக்குத் தெரியும். கீழே வந்து அவனைக் கிண்டல் செய்யாதீர்கள். அவன்தான் ஜிம்மிக்கு முதல் டாக்டர்.

மறுநாள் லீவு போட்டுக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மருத்துவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். "காலையில வெயில்ல விடறேனுங்களே சார், வெயில்ல டி சத்து வருமில்லீங்களா?" என்று என் பாடப்புத்தக ஞானத்தையும் காட்டினேன். அவர் சொன்ன பதிலை இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்: அது மனிதருக்கு. நாயின் தோலுக்கு வெயிலில் டி சத்தைப் போதிய அளவு தயாரிக்கிற சக்தி இல்லை. வாய்வழியாகத்தான் போக வேண்டும், ஈரல், முட்டை மஞ்சள்கரு, மீன் எண்ணெய் என்று.

கால்சியம் மருந்தும் மீன் எண்ணெய்ச் சொட்டும் எழுதிக் கொடுத்தார். முட்டை போடச் சொன்னார். நாமக்கல் முட்டை, நம் ஊருக்குப் பஞ்சமா அதற்கு? மாலையைக் கழற்றும்வரை வாசல் திண்ணையில் தனி அடுப்பு வைத்து வேகவைத்தேன். மாமியார் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஜிம்மி நடந்தது, ஓடியது, 2001 வரை இருந்தது. ஆனால் கால் நேராகவில்லை. பதினோரு வருஷமும் அந்த வளைந்த காலால்தான் என்னை வழியனுப்பப் பஸ் ஸ்டாப் வரை வரும்.

சரி, சரவணம்பட்டிக் குட்டிக்கு வருவோம்.

தயிர்சோறு விஷமா? இல்லை. 2013-ல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாய்களிடம் பல மடங்கு பெருகியிருக்கிறது. மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கி, மிச்சச் சோற்றை எறியத் தொடங்கியதிலிருந்து வந்த மாற்றம். எங்கள் ஆத்தா ஊற்றின களி அந்தக் கதையின் கடைசி அத்தியாயம் மாதிரி. ஆகச் சோறு செரிக்கும். போதாது, அதுதான் விஷயம். அதிலும் சிறு இனக் குட்டிக்குக் கொஞ்சமும் போதாது.

இதைக் கணக்காகவே பார்ப்போம், பழைய பழக்கம் விடுமா? மேக்ஸ் கிளைபர் என்பவர் 1932-ல் ஒரு கணக்குச் சொன்னார்: உடம்பு சிறிதாகச் சிறிதாக, ஒரு கிலோ எடைக்குத் தேவையான சக்தி கூடிக்கொண்டே போகும். 30 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருக்கவே கிலோவுக்குச் சுமார் 30 கலோரி வேண்டும். 1 கிலோ நாய்க்கு 70. வளரும் குட்டி, நான்கு மாதத்துக்குள் என்றால், அதைப்போல மூன்று மடங்கு. அப்படியானால் 1 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 210 கலோரி. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். 160 கிராம் சோறு தின்றால்தான் கணக்கு நேராகும். ஒரு கிலோ எடையுள்ள உயிர், அதன் வயிறு எவ்வளவு இருக்கும்? எளிதில் தின்ன முடியாது. தின்றாலும் அதில் போதிய புரதம் இல்லை, போதிய சுண்ணாம்பு இல்லை, டி சத்து இல்லை. அதே கலோரி நல்ல குட்டித் தீவனத்தில் 60 கிராமுக்குள் அடங்கிவிடும்.

இதனால்தான் சின்னக் குட்டிக்கு அடிக்கடி கொடுக்க வேண்டும். மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பிறகு இரண்டு. ராத்திரி நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இந்தக் கைக்குட்டிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். தள்ளாடும், நடுங்கும், துவண்டு விழும். அப்போது தேனையோ சர்க்கரைத் தண்ணியையோ ஈறில் தடவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். "தூங்குது, எழுப்பாதே" என்று விட்டுவிடக் கூடாது.

கோழிக்கறி மட்டும் போதும் என்ற வீட்டுக்காரருக்கு: சதையில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. வளரும் குட்டிக்கு இரண்டும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று என்ற அளவுக்குள் இருக்க வேண்டும், சுண்ணாம்பின் பங்குதான் பெரிது. வெறும் கறி போட்டால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பைக் கடன் வாங்கும். ஏழை வீட்டு வெறும் சோற்றுக்குட்டிக்கும் பணக்கார வீட்டு வெறும் கறிக்குட்டிக்கும் எலும்பு ஒரே மாதிரிதான் உளுத்துப்போகும். வேகவைத்த கோழி எலும்பும் கொடுக்காதீர்கள், சில்லாகப் பிளந்து குடலைக் குத்தும்.

கடைத் தீவனம் என்றால், பையின் முன்பக்கம் இருக்கும் நாய்ப் படத்தைப் பார்த்து வாங்காமல் பின்பக்கத்தைப் படியுங்கள். 'முழுமையானது, சமச்சீரானது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டிருக்க வேண்டும். யாருக்கு என்பதும் இருக்க வேண்டும்: வளர்ச்சிப் பருவத்துக்கா, எல்லா வயதுக்குமா, வளர்ந்த நாய்க்கு மட்டுமா. கடைசி வகை குட்டிக்கு ஆகாது. அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த அளவுப்படி, ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் குட்டிக்குக் குறைந்தது 22.5 சதவீதம் புரதம், 8.5 சதவீதம் கொழுப்பு வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18-ம் 5.5-ம் போதும். சிறு இனத்துக்கு என்று போட்டிருந்தால் உருண்டையும் சின்னதாக இருக்கும், அந்தக் குட்டி வாய்க்கு அது வசதி. முதல் சில வாரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கொடுங்கள். சிறு இனங்கள் சீக்கிரம் வளர்ந்து முடித்துவிடும், பத்து பன்னிரண்டு மாதம் வரை குட்டித் தீவனம் கொடுத்தால் போதும். வாங்கின இடத்தில் என்ன தின்றதோ அதிலிருந்து ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒரே நாளில் மாற்றினால் வயிற்றால் போகும்.

மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோ கணக்கில் அளந்து கொடுக்கிறார்களே, அதை மட்டும் வாங்க வேண்டாம். பெயர், தேதி எதுவும் தெரியாது. திறந்து கிடந்தால் கொழுப்புக் காறிப்போகும். பெரிய பை விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சின்னப் பையாக வாங்குங்கள். ஒரு நாளைக்கு 60 கிராம் தின்கிற ஜீவனுக்கு மூட்டை எதற்கு?

அதுவும் முடியாது, வீட்டிலேயே சமைத்துத்தான் கொடுப்பேன் என்றால் அதிலும் குற்றமில்லை. சோறோ ராகியோ இருக்கட்டும், அதோடு முட்டையும் கோழியும் கொஞ்சம் ஈரலும் சேரட்டும். சுண்ணாம்புக்கும் டி சத்துக்கும் என்ன, எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அது கண்ணளவில் போடுகிற விஷயம் இல்லை. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கடைத் தீவனம் கொடுப்பவர்கள் அதன்மேல் கால்சியம் மருந்து வேறு ஊற்ற வேண்டாம்.

மாமியாருக்கு ஒன்று சொல்லிவிடு கண்ணு. நம் சமையலில் சின்ன வெங்காயம் இல்லாத குழம்பு உண்டா? அரிசியும் பருப்பும் சாதத்திலேயே கைநிறையப் போடுவோம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கிலோ எடைக்கு 15 கிராமிலிருந்தே பாதிப்புத் தெரியும் என்று கணக்குச் சொல்கிறார்கள். இருபது கிலோ பட்டி நாய் குழம்புச் சட்டியை நக்கினால் ஒன்றும் ஆகாது. உன் ஒரு கிலோக் குட்டிக்கு இரண்டு மூன்று சின்ன வெங்காயமே அந்த அளவு. கேசரியிலும் பாயசத்திலும் போடுகிற உலர்திராட்சையும் ஆகாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது. "ஒரு வாய்தானே" என்பார்கள். அந்த ஒரு வாய் குட்டிக்கு ஒரு தட்டு.

தம்பி, உனக்கு நான் பதில் சொல்லியாச்சு. நீ வளர்த்த நாய்க்குப் பத்து ஏக்கர் காடு இருந்தது. இந்தக் குட்டிக்கு ஏழாவது மாடியில் இரண்டு ரூமும் ஒரு கிண்ணமும்தான்.

குட்டிக்குத் தடுப்பூசி அட்டை போட்டாச்சா என்று யாரும் கேட்கவில்லை பாருங்கள். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி. மறக்காமல் போட்டுவிட்டு எனக்குப் படம் அனுப்பு.

ஜிம்மியின் பழைய போட்டோ ஒன்று ஆல்பத்தில் இருக்கிறது, பொங்கலுக்கு எடுத்தது, கால் தெரிகிற மாதிரி. பேத்தி வந்ததும் ஸ்கேன் செய்து இங்கேயே போடச் சொல்கிறேன். அந்த வகுப்பில் இருந்தவர்கள் கையைத் தூக்குங்கள்.